புது அறையின் வெயில்

1988 பிப்ரவரி 14
வாசலில் நின்ற தூங்குமூஞ்சி மரத்தை இன்று வெட்டினார்கள். "இனிமே இந்த ஊட்ல ஒரே தூங்குமூஞ்சி நான்தான்" என்றேன். அப்பா சிரிக்கவில்லை. அந்த இடத்தில் ஜெயா அக்காவுக்கு அறை கட்டப்போகிறார். தலைப்பிரசவத்துக்கு அக்கா இங்கே வரவேண்டும். "தனி ரூம் இல்லாத ஊட்டுக்கு எப்பிடிங்க அனுப்பறது?" என்று அவள் மாமியார் கேட்டுவிட்டாராம். அதிலிருந்து அப்பா சரியாகச் சாப்பிடுவதே இல்லை.

மார்ச் 3
அறை முடிந்தது. சிமெண்ட் சுவர், மேலே ஆஸ்பெஸ்டாஸ் ஷீட், ஒரு சின்ன ஜன்னல். எங்கள் ஓட்டு வீட்டுக்குப் பக்கத்தில் கோட்டுப் போட்ட மாப்பிள்ளை மாதிரி நிற்கிறது.

மார்ச் 19
பள்ளிக் கண்காட்சிக்கு என் தலைப்பு: ஊர் ஏன் சூடாகிறது? லேப் தெர்மாமீட்டரோடு நானும் என் வகுப்பு சத்தியராஜும் வெயிலில் அலைந்தோம். தெருக்கோடிக் குளத்தைப் பாதி தூர்த்து மனை போட்டுவிட்டார்கள். தண்ணீர் மிச்சமிருக்கும் கரைக்கும் லாரி மண் கொட்டிய பக்கத்துக்கும் நாலு டிகிரி வித்தியாசம்! ஒரே குளம், ஒரே சூரியன். தண்ணீரும் மரமும் வாங்கிய வெயிலை ஆவி விடுவதில் செலவழித்துவிடும். சிமெண்ட் சேர்த்து வைத்து ராத்திரி திருப்பித் தரும்.
"நம்ம அப்பனுங்க மாதிரி, மாமே" என்றான் சத்தியராஜ். "பகல்ல ஆபீசர்கிட்ட வாங்கினத ராத்திரி நம்மகிட்ட குடுக்கறாங்க."

ஏப்ரல் 11
கணக்குப் பரீட்சை. அதே லேப் தெர்மாமீட்டரை டீயில் முக்கிவிட்டு, காய்ச்சல் என்று படுத்தேன்.
அப்பா வாங்கிப் பார்த்தார். "எழுவது டிகிரின்னா நீ வெந்திருக்கணும்டா."
பரீட்சை எழுதினேன்.

ஏப்ரல் 26
பெண் குழந்தை! சிவப்பாக, கோபமாக இருக்கிறது. தக்காளி என்று கூப்பிட்டேன். "டேய் மாமா, ஒன் மருமவ மொறைக்கறா பாரு" என்றாள் அக்கா. நான் மாமாவாம்.

மே 5
அக்னி நட்சத்திரம் பிறந்துவிட்டது. அக்கா அறை ஜன்னலுக்குக் கோணி. ஃபேன் கூடாது. தக்காளிக்குக் கம்பளிக் குல்லா.
"பச்ச ஒடம்பு. காத்து பட்டா ஜன்னி கண்டுடும்" என்கிறாள் அம்மா. "ஒங்க ரெண்டு பேரையும் இப்பிடித்தான் வளத்தேன். இன்னா கெட்டுப் பூட்டீங்க?"
வளர்த்தாள்தான். ஓட்டுக்குக் கீழே, மர நிழலில்.

மே 9
மதியம் அந்த அறையில் தெர்மாமீட்டர் வைத்தேன். நாற்பத்து நாலு. அப்பாவிடம் ஓடிப்போய்க் காட்டினேன்.
"எந்தக் கடை டீடா?" என்றார். அம்மாவுக்கும் சிரிப்பு. சத்தியம் செய்தேன், இன்னும் சிரித்தார்கள். கோணியைப் பிடுங்கி எறிந்தேன். அக்காவுக்கு ஒரு அறை கட்டிய அப்பா எனக்கு ரெண்டு அறை விட்டார். கோணியை மறுபடி கட்டிவிட்டார்கள்.

மே 12
தக்காளி அழவில்லை. பால் குடிக்கவில்லை. உடம்பு கொதிக்கிறது. ஜுரம், குளிரும் என்று அம்மா இன்னொரு துணியைச் சுற்றினாள். வேணாம்மா வேணாம்மான்னு கத்தினேன் - யாரு கேக்கறாங்க? ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரி. டாக்டர் துணிகளை ஒவ்வொன்றாக அவிழ்த்தார்.
"ஜுரம் இல்லம்மா. சூடு. கொழந்த ஒடம்புல தண்ணியே இல்ல."

மே 13
உயிர் இருக்கும்போதே அம்மா ஆஸ்பத்திரிக் குழாய்த் தண்ணீரைக் கையில் பிடித்து நெற்றியில் ஊற்றி ஞானஸ்நானம் கொடுத்தாள். பெயருக்காக அக்காவைப் பார்த்தாள். அக்கா கம்பளிக் குல்லாவை மடித்துக்கொண்டிருந்தாள். மரியாள் என்று அம்மாவே சொல்லிவிட்டாள்.
கொஞ்ச நேரம்தான் அந்தப் பெயர்.

மே 14
அடக்கம் முடிந்து வந்ததும் அப்பா அந்த அறையில் போய் உட்கார்ந்தார். வியர்த்து ஊற்றுகிறது, வெளியே வரவில்லை. என்னைப் பார்த்து, "இப்ப எத்தினி டிகிரிடா?" என்றார்.


மே 16
நெருக்கமாகக் கட்டின மல்லிகைப்பூ வாங்கி வா என்றாள் அம்மா. சாவு வீட்டில் யாருக்குப் பூ?
ஸ்டேஷன் வாசலில் பூ விற்கும் ஜெகதாம்பாள், "இன்னா எட்மண்டு, கொயந்தைக்குப் பேர் வெக்கிறீங்களா?" என்றாள். எப்போதும் அவளுக்கு ஒரு எகத்தாளப் பதில் வைத்திருப்பேன். இன்று "நெருக்கமா கட்டினதா குடு" என்று காசை நீட்டினேன். என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தவள் மெதுவாகச் சொன்னாள்: "மார்ல வெச்சிக் கட்டச் சொல்லு, கண்ணு. பால் வத்திடும்."
அக்கா பூவை வாங்கிக் கதவைச் சாத்திக்கொண்டாள். பக்கத்து வீட்டுக் கைக்குழந்தை பசிக்கு வீறிட்டது. கொஞ்ச நேரத்தில் கதவு மறுபடி திறந்தது. அக்காவின் ரவிக்கை நனைந்திருந்தது.
"இன்னும் ரெண்டு மொழம் வாங்கியாடா" என்றாள்.