முதல் வரிசையில் கேட்காத கிட்டார்

பாப்பாவின் அம்மாவுக்கு,

நான் நலம். உன் முதுகுவலி தேவலையா?

இருபத்தைந்து வருடமாக நான் பைத்தியமாய்த் திரிந்த ராக் குழு ஒருவழியாக இங்கே வந்தது. முதல் வரிசையில் நின்றேன். எனக்கு மனப்பாடமான பாட்டுதான். ஆனால் கிட்டார் உச்சிக்கு ஏறும் இடத்தில் ஒன்றுமே கேட்கவில்லை. கைக்கெட்டியது காதுக்கெட்டவில்லை! எரிச்சலில் சவுண்ட்காரரிடம் போய்க் கத்தினேன்.

"சவுண்டு சரியாத்தாங்க இருக்கு. மொதல்ல உங்க காதைக் காட்டுங்க" என்றார்.

டாக்டரிடம் காட்டினேன். 'அந்த இரைச்சலால் செவிடாகப் போறீங்க' என்று திட்டுவாயே, கெடுத்தது பாட்டு இல்லை. இங்கே ஃபேக்டரியில் தகடு வெட்டும் பாழாய்ப்போன மெஷின். பயப்படாதே, கீச்சுச் சத்தம் மட்டும்தான் போயிருக்கிறது.

பாப்பாவைப் போனில் கொஞ்சம் தடித்த குரலில் பேசச் சொல். காரணம் சொல்லாதே.

ஷிப்டுக்குச் சங்கு ஊதுகிறது. அது மட்டும் நன்றாகக் கேட்கிறது.

உன் வீட்டுக்காரன்