ஓரம் குளிர்ந்தே இருந்தது

தேஜான்
சூசோக் அறுவடைப் பண்டிகை விடுமுறைக்கு முந்தைய வாரம்

அன்புள்ள யோன்சுவுக்கு,

இங்கே நலம். தொலைபேசியில் சொன்னால் பாதியிலேயே வைத்துவிடுவாய் என்பதால் எழுதிக் கூரியரில் அனுப்புகிறேன். உட்கார்ந்து படி.

வியாபாரம் பரவாயில்லை. ஆய்வகங்களுக்கு விற்கிற பழைய பம்புகள்தான் இப்போதும் ஓடுகின்றன. என் அக்கா ஒரு ஜாடி கிம்ச்சி ஊறுகாய் அனுப்பியிருந்தாள். ஒற்றை ஆளுக்கு அது தீரவே மாட்டேன் என்கிறது.

உன் பழைய ஆய்வகத்து மிக்யோங் வெப்பக் கேமரா வாடகைக்குக் கேட்டாள். நானே போய்ப் பொருத்திக் கொடுத்தேன். நீ விட்டுச்சென்ற வனேடியம் ஆக்சைடு படிகத்தை வைத்துத்தான் சோதனை. "அத்தான், வாடகை ஓடுதான்னு கடிகாரத்தப் பாக்காதீங்க, திரையப் பாருங்க" என்று கேலி செய்தாள். கொஞ்ச நேரத்தில் அவள் சிரிப்பும் நின்றுவிட்டது.

மின்சாரம் கடத்தாத படிகம், மின்னழுத்தம் ஏறினால் உலோகம்போலக் கடத்தும். அதற்குச் சூடு வேண்டாம், மின்புலம் ஒன்றே எலக்ட்ரான்களின் நெரிசலை உடைத்துவிடும். இதை நீ சமையலறையில் சொல்லிச் சொல்லி எனக்கே மனப்பாடம். அதற்காகத்தானே ஜெர்மனியில், டிரெஸ்டனில் உனக்கு வேலை கொடுத்தார்கள்?

மிக்யோங் அழுத்தத்தை மெதுவாக ஏற்றினாள். மின்சாரம் பெருகிப் பாயும் முன்பே, கசிந்த கொஞ்சத்திலேயே படிகத்தின் நடுவில் மயிரிழைபோல ஒரு கோடு சூடேறியது. எழுபது டிகிரியை நெருங்கியபோதுதான் குபீரென்று பாய்ந்தது. அந்தச் சூட்டில் மின்புலம் இல்லாமலே அது உலோகமாகிவிடும் என்று நீதானே சொல்வாய்! சூடே இல்லை என்று கட்டுரையில் எழுதுவதற்கு நீ வெப்பமானியை ஒட்டியது ஓரத்தில். ஓரம் குளிர்ந்தே இருந்தது.

"நான் சொன்னா போட்டிக்குச் சொல்றேன்னு யோன்சு அக்கா நினைப்பாங்க. நீங்களே சொல்லிடுங்க அத்தான். லீவு முடியற வரைக்கும் நான் வாயத் திறக்கமாட்டேன்" என்றாள். கண் கலங்கியிருந்தது. படங்களையும் அவள்தான் கொடுத்தாள், இத்துடன் வைத்திருக்கிறேன்.

நான் கடைக்காரன். விற்ற பம்பு ஒழுகும் என்று தெரிந்தால், வாங்கியவன் திட்டுவதற்குள் நானே கூப்பிட்டுச் சொல்லிவிடுவேன். திட்டு விழும். ஆனாலும் அடுத்த பம்புக்கு என்னிடமே வருவான். நீயும் முந்திக்கொள். படங்களை அங்கே உன் பேராசிரியரிடம் காட்டி, கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொள்.

ஒன்றை மறைக்கமாட்டேன். திரையைப் பார்த்ததும், இனி வேலை போய் நீ வீட்டுக்கு வந்துவிடுவாய் என்றுதான் தோன்றியது. நான் சும்மா இருந்தாலே போதும். விடுமுறை கழிந்ததும் மிக்யோங் வெளியிட்டுவிடுவாள். அந்த ஆசையோடேயே சில நாள் கடையைத் திறந்து மூடினேன். ஆனால் அப்படி வருகிறவளை எந்த முகத்தோடு விமான நிலையத்தில் அழைப்பேன்?

அதனால் இப்போது வராதே. பண்டிகைக்குச் சீட்டு எடுத்திருந்தால் ரத்து செய்துவிடு. அங்கேயே நின்று, இந்த முறை படிகத்தின் நடுவைப் பார். சூடில்லாத வழி ஒன்று நிஜமாகவே இருந்தால், அதைக் கண்டுபிடிக்கிறவள் நீயாக இரு. நேரத்துக்குச் சாப்பிடு. கிம்ச்சியை நான் எப்படியாவது தீர்த்துவிடுகிறேன்.

நீ தலை நிமிர்ந்து இருக்க வேண்டும் என்று மட்டும் வேண்டிக்கொள்ளும்,
உன் கித்தே