வாப்பாவின் நம்பர்

அன்புள்ள உம்மாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். முட்டுவலி எப்படி இருக்கிறது? நீங்கள் வீட்டோடு இருக்கும் இந்த இத்தா நாட்கள் முடியும்வரை தம்பி அமீன் உங்களோடுதானே இருப்பான்?

இங்கே நான் சுகம். இந்தக் கோடை முழுவதும் நாங்கள் ஐந்து பேர் ஒரே பட்டறையில் மரம் கடைகிறோம். இயந்திரச் சத்தத்தில் பேச்சு குறைவு.

ஒரு சின்ன விஷயம், பயப்படாதீர்கள். செவ்வாய்க்கிழமை கடைந்துகொண்டிருந்த மரக்கிண்ணம் பிளந்து, ஒரு துண்டு என் புருவத்தில் தெறித்தது. மூன்று தையல்தான். கண்ணுக்கு ஒன்றுமில்லை. என்னோடு கடைகிற மார்த்தாதான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள்.

அங்கே வீட்டார் நம்பர் கேட்டார்கள். பழக்கத்தில் வாப்பாவின் நம்பரை எழுதிவிட்டேன். மார்த்தா இரண்டு முறை கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, “சுவிட்ச் ஆஃப் என்று வருகிறதே” என்றாள்.

“எங்கள் ஊரில் இப்போது ராத்திரி. வாப்பா தூங்குவார்கள்” என்றேன்.

உம்மா, வாப்பா மௌத்தானதை நான் இங்கே யாரிடமும் சொல்லவில்லை. “வரண்டாம் மக்கா, நீ வந்து சேருமுன்னே அடக்கிருவாவ” என்று நீங்கள் போனில் சொன்ன அன்றும் பட்டறைக்குப் போனேன். ஒரு மாதமாக வராத அழுகை, அந்த ஆஸ்பத்திரி நாற்காலியில் எல்லோர் முன்னாலும் வந்துவிட்டது. தையல் வலிக்கிறது என்று நினைத்து நர்ஸ் மாத்திரை கொடுத்தாள்.

தலையில் போடுகிற என் பருத்தித் தட்டங்கள் இரண்டை அனுப்புங்கள், தலையெல்லாம் மரத்தூள். அமீனிடம் சொல்லி வாப்பாவின் போனைச் சார்ஜ் போட்டு வையுங்கள். வெள்ளிக்கிழமை அந்த நம்பருக்குக் கூப்பிடுவேன். நீங்கள் எடுங்கள்.

பட்டறைக்குக் கூப்பிடுகிறார்கள். துஆ செய்யுங்கள்.

உங்கள் மகள்,
ரஸீனா