தலைமாட்டுப் பக்கம் மூன்றாவது

உ †
சாரம், புதுச்சேரி
3-10-1979

பிரான்சு தேசம் துலோனில் இருக்கும் ஓதெத் அம்மாவுக்கு, அம்மாவாசைக் கிழவன் வணக்கம் சொல்லி எழுதுவது.

இது என் கையெழுத்து! இதுவரை உங்களுக்கு வந்ததெல்லாம் பெரிய மார்க்கெட் வாசலில் உட்கார்ந்து எழுதித் தருகிறவருடையது. இதை நானே எழுதுகிறேன். நான்கு நாளாயிற்று. எங்கள் தெரு முதியோர் கல்வி வகுப்பில், அறுபத்தேழு வயதில் கற்றேன். வாத்தியாரம்மா கொளஞ்சிக்கு என் பேத்தி வயதுதான். "தாத்தா, பேனாவ மம்பட்டி மாதிரி புடிக்காதீங்க, காயிதம் கிழிஞ்சிடும்" என்று திட்டுகிறாள்.

மேலே பிள்ளையார் சுழி போட்டேன். பிறகுதான் நீங்கள் வேறு சாமி என்று நினைவு வந்து, பக்கத்தில் ஒரு சிலுவையும் போட்டேன். இரண்டு பேரும் சண்டை போட மாட்டார்கள்.

வகுப்பில் உலகத்து மதங்களைப் பற்றி ஒரு சிறு புத்தகம் கொடுத்தார்கள். எழுத்துக் கூட்டிப் படித்து முடித்தேன். பார்சிக்காரர்கள் புதைப்பதுமில்லை, எரிப்பதுமில்லையாம், பறவைக்கு விட்டுவிடுவார்களாம். மற்றது எனக்குப் படிக்காமலே தெரியும். மில் வேலை இல்லாத நாளில் எல்லா மதத்துக்கும் குழி வெட்டியவன் நான். எங்கள் ஆட்களுக்குத் தலை தெற்கே. பாய்மாருக்குத் தலை வடக்கே, மெக்கா இருக்கிற மேற்கே முகம். உங்கள் ஆட்களுக்குத் தலை மேற்கே, கால் கிழக்கே. கர்த்தர் கிழக்கிலிருந்து வரும்போது எழுந்து நேராகப் பார்க்கத்தானே? வகுப்பில் இதைச் சொன்னதும் எல்லோரும் கை தட்டினார்கள்.

கல்லறைத் திருநாள் வருகிறது. வருஷா வருஷம் செய்வதுபோல் உங்கள் அம்மாவின் கல்லறைக்குச் சுண்ணாம்பு அடித்து, எழுத்துக்குக் கறுப்பு பூசி, கனகாம்பரம் வைத்து, மெழுகுவர்த்தி ஏற்றுவேன். கவலை வேண்டாம்.

அம்மாவாசை

---

உ †
துலோன்
16-10-1979

அன்புள்ள அம்மாவாசைப் பெரியவருக்கு,

உங்கள் எழுத்தைப் பார்த்துச் சிரித்தேன், பிறகு அழுதேன். பாருங்கள், நானும் இரண்டு சாமியையும் மேலே உட்கார வைத்துவிட்டேன். என் தமிழ் துருப்பிடித்துவிட்டது. நீங்கள் ஏற, நான் இறங்குகிறேன்.

ஒன்று கேட்கட்டுமா? அம்மாவுக்கு இருட்டென்றால் பயம். விளக்கை அணைத்தால் குழந்தை மாதிரி என் கையைப் பிடித்துக்கொள்வார். நான் கல்யாணமாகிக் கப்பலேறிய அன்று, "நான் போயிட்டா வருசத்துல ஒரு நாளாச்சும் வெளக்கு வைப்பியாடி?" என்றார். வைப்பேன் என்றேன். அடக்கத்துக்குக்கூட என்னால் வர முடியவில்லை. உங்களால்தான் என் வாக்கு நிற்கிறது. நீங்கள் அங்கே ஏற்றும் நாளில் நானும் இங்கே சன்னலில் ஒன்று ஏற்றுகிறேன்.

அம்மாவுக்குப் பிரெஞ்சு படிக்க வராது என்று, சிலுவையில் மூன்று வரி தமிழிலேயே எழுத வைத்ததாக அப்பா சொன்னார். என்ன வரி என்று கேட்டால், "நேர்ல போய்ப் படிச்சிக்க" என்பார். அவரும் போய்விட்டார். என் கணவர் படுத்த படுக்கை, அவரை விட்டு வர வழியில்லை. இப்போது உங்களுக்குப் படிக்கத் தெரியுமே! அந்த மூன்று வரியைப் படித்து எனக்கு எழுதுங்கள்.

உங்கள்
ஓதெத்

---

உ †
சாரம்
5-11-1979

ஓதெத் அம்மாவுக்கு,

மூன்று நாளாகப் பேனாவை எடுத்து எடுத்து வைக்கிறேன். பொய் எழுதலாம் என்றுகூட நினைத்தேன். கற்ற எழுத்தில் முதலில் பொய்யா என்று விட்டுவிட்டேன்.

முதல் தேதி காலை, தூரிகையோடு உங்கள் அம்மா கல்லறைக்குப் போனேன். பதினொரு வருஷமாக அர்த்தம் தெரியாமல் கறுப்பு பூசிய எழுத்தை அன்றுதான் படித்தேன். மூன்று வரி இல்லை. ஒரே வரி. "கப்பல் சமையற்காரர் ஜான்-பத்திஸ்த்." திரும்பத் திரும்பக் கூட்டிப் படித்தேன். அது மாறவே இல்லை.

உங்கள் அப்பா ஊரை விட்டுப் போகிற அன்று, கல்லறைத் தோட்டத்துக் கேட்டருகே நின்று என்னிடம் சொன்னது நன்றாக நினைவிருக்கிறது. "பெரிய சாமியார் கல்லறைக்குத் தலைமாட்டுப் பக்கம் மூணாவது." கிறிஸ்தவர்களுக்குத் தலை மேற்கே என்று எனக்குத்தான் தெரியுமே. மேற்கே மூன்று எண்ணினேன்.

உங்கள் கோயில் பெரிய சாமியார் கல்லில் என்னதான் எழுதியிருக்கிறது என்று பார்க்கப் போனேன். மற்றக் கல்லையெல்லாம் கால்மாட்டில், கிழக்கே நின்று படிக்கலாம். அதைப் படிக்க மேற்கே போய் நிற்க வேண்டியிருந்தது. கோயில் உபதேசியாரைக் கேட்டேன். அவர் சிரித்தார். "சாமியாருங்க மாத்தித்தான்யா படுப்பாங்க. பிரசங்கத்துல சனங்களப் பாத்து நின்னவரு, எழுந்திரிக்கும்போதும் சனங்களப் பாத்துத்தான எழுந்திரிக்கணும்? இத்தினி வருசம் இங்க சுண்ணாம்பு அடிச்சிருக்க, இது தெரியாதா?"

தெரியாது அம்மா. நான் வெட்டிய குழியில் சாமியார் யாரும் படுத்ததில்லை.

அப்படியென்றால் சாமியாருக்குத் தலைமாடு கிழக்கே. கிழக்கே மூன்று எண்ணினேன். முள் மண்டிக் கிடந்தது. வெட்டினேன். மண் உள்வாங்கி, சிலுவை குப்புற விழுந்திருந்தது. நிமிர்த்தினேன். கல்லில் செதுக்கவில்லை, சிமெண்டின் மேல் வண்ணத்தில் எழுதியது. உப்புக் காற்றில் பொரிந்து உதிர்ந்துவிட்டது. மேலே "மரி" என்கிற இரண்டு எழுத்து மட்டும் மிச்சம். உங்கள் அம்மா பெயர் மரி-க்ளேர்தானே. கீழே மூன்று வரி இருந்த தடம் தெரிகிறது. விரலால் தடவிப் பார்த்தேன், வெயிலைச் சாய்வாக விழவிட்டும் பார்த்தேன். படிக்க முடியவில்லை. அதை எழுதிய மேஸ்திரியும் செத்துப் போனாராம்.

வருஷா வருஷம் கறுப்பு பூசியிருந்தால் நின்றிருக்கும். சமையற்காரருக்கு நின்றது போல.

இரண்டாம் தேதி அங்கே சுண்ணாம்பு அடித்து விளக்கு வைத்தேன். பதினொரு வருஷத்தில் அதுதான் முதல் விளக்கு.

அம்மாவாசை

---

துலோன்
9-12-1979

திரு. அம்மாவாசை அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. நீங்கள் வேண்டுமென்று செய்யவில்லை, எனக்குத் தெரிகிறது. இருந்தாலும் பதினொரு திருநாள் இரவு அம்மா இருட்டில் கிடந்தார். அப்பா அவருக்கென்று எழுத வைத்த மூன்று வரியும் போய்விட்டது. உங்கள் கையெழுத்தைப் பார்த்தாலே எனக்கு அதுதான் நினைவு வருகிறது.

இனிமேல் குருசுக்குப்பத்தில் இருக்கும் என் சித்தி மகன் ரோஜே பார்த்துக்கொள்வார். தயவுசெய்து அந்தக் கல்லறையைத் தொடாதீர்கள். எனக்கு எழுதவும் வேண்டாம்.

ஓதெத்

---

உ †
சாரம்
3-11-1980

ஓதெத் அம்மாவுக்கு,

எழுத வேண்டாம் என்றீர்கள். இந்த ஒன்று மட்டும். பதில் போட வேண்டியதில்லை.

நேற்று கல்லறைத் திருநாள். நீங்கள் சொன்னதால் இந்த வருஷம் உங்கள் அம்மா பக்கம் போகவில்லை. மற்றக் கல்லறைகளுக்குச் சுண்ணாம்பு அடித்தேன். சமையற்காரருக்கு யாரும் இல்லை. பழக்கத்தில் அவருக்கும் அடித்தேன்.

பொழுது சாய்ந்து எல்லாக் கல்லறையிலும் விளக்கு ஏறியது. ஒன்று மட்டும் கறுப்பாக இருந்தது. ரோஜே வருவார் என்று கேட்டருகே நின்று பார்த்தேன். அவருக்கு என்ன வேலையோ, வரவில்லை. அவரைக் கோபித்துக்கொள்ளாதீர்கள். பூசை முடிந்து கூட்டம் கலைந்தது. உபதேசியார் வந்து, "யோவ், பூட்டணும்யா, கௌம்பு" என்றார். "செத்த இருங்க சாமி" என்றேன்.

ஒரு மெழுகுவர்த்தி வாங்கிக்கொண்டு அங்கே போனேன். நீங்கள் தொட வேண்டாம் என்றீர்கள், நான் தொடவில்லை. கல்லிலும் வைக்கவில்லை, மண்ணிலும் ஊன்றவில்லை. கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றேன். அது கரைந்து தீரும்வரை நின்றேன். உபதேசியாரும் பூட்டாமல் இருந்தார்.

கடைசியில் விரல் கொஞ்சம் சுட்டுவிட்டது. பேனா பிடிக்கிற விரல். அதனால்தான் இந்த எழுத்து இப்படிக் கோணலாக இருக்கிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

அம்மாவாசை