உங்கள் தோல் ஒட்டாமல் போனது

மதினி,

தேங்காய் எண்ணெய் வாசனை வந்தாலே உங்கள் நினைப்புதான். என் இடக்கையில் ஒட்டுப்போட்ட தோலுக்குத் தினமும் எண்ணெய் தடவாவிட்டால் வெடித்துவிடும். இன்று காலை தடவிக்கொண்டிருந்தபோது உங்கள் பேத்தி சென்னையிலிருந்து வந்தாள். ஸ்டெம் செல் என்கிற குருத்தணு ஆராய்ச்சியில் இருக்கிறாள். தீக்காயம் பட்டவரின் தோலையே துளி எடுத்து, கிண்ணத்தில் வைத்துப் பெரிதாக வளர்க்கிறார்களாம். சந்தோஷம்தான். ஆனால் எனக்கு வெந்தபோது இதெல்லாம் இல்லையே என்று கேட்கக் கேட்க அலுப்பாக இருந்தது.

நான் வேலை பார்த்த நாரணாபுரம் பட்டாசுக் கம்பெனியில் தீப்பிடித்தது தீபாவளிச் சீசனில். எனக்குக் கையும் நெஞ்சும் தொடையும் வெந்துவிட்டன. ஊர் வழக்கப்படி அம்மா புண்ணில் பேனா மையை ஊற்றிவிட்டாள். அதைக் கழுவி எடுப்பதற்குள் மதுரை டாக்டர் தவித்துப்போனார். இருக்கிற நிலைமையில் என் உடம்பில் தோல் எடுத்தால் தாங்கமாட்டேன், வேறு யாராவது கொடுத்தால் இப்போதைக்கு மூடிவைக்கலாம் என்றார். அந்த ‘இப்போதைக்கு’ யார் காதிலும் ஏறவில்லை. எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். அண்ணனைக் கல்யாணம் பண்ணி வந்து ஒரு வருஷம்கூட ஆகாத நீங்கள்தான், “என் தொடையில எடுத்துக்கோங்க” என்றீர்கள்.

முதலில் ஒட்டியது. சில வாரங்களில் கறுத்து உரிந்து விழுந்தது. அதற்குள் நான் தேறியிருந்ததால் என் முதுகிலிருந்தே தோலெடுத்து வைத்தார்கள். அம்மாவுக்கு அதெல்லாம் கணக்கில்லை. “அசல் வீட்டுப் பிள்ளை தோலு, அது எப்படி நம்ம ஒடம்புல ஒட்டும்?” என்றாள். கட்டுப்போட்ட காலோடு நீங்கள் பக்கத்திலேயே நின்றீர்கள்.

அப்புறம் குலசாமிப் பொங்கலுக்குக்கூட நீங்கள் பானையைத் தொட்டதில்லை. கூப்பிட்டால், “அத்தை வைக்கட்டும் தாயி, நான் வெளியாளுதானே” என்று சிரிப்பீர்கள். பிள்ளை பெற்று, பேரன் பேத்தி எடுத்தும் அந்தப் பேச்சு போகவில்லை. அப்படியெல்லாம் இல்லை மதினி என்று சொல்லிச் சொல்லி நானும் ஓய்ந்துவிட்டேன். எனக்கே காரணம் தெரியாதபோது உங்களை எப்படி நம்பவைப்பது?

இன்று உங்கள் பேத்தியிடம் கேட்டேன். “பெத்த அம்மா தோலை வச்சிருந்தாலும் விழுந்திருக்கும் ஆச்சி. ஒடம்பு அடுத்த ஆள் தோலை ஏத்துக்கிடாது. ஆனா அது மூடியிருந்த வரைக்கும்தான் சீழ் பிடிக்காம நீங்க தப்பிச்சீக” என்றாள். சாதாரணமாகச் சொல்லிவிட்டு, காபி ஆற்றிக் குடித்தாள்.

அம்மாவின் தோலும் விழுந்திருக்கும், மதினி. இந்த ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். கேட்க வேண்டிய நீங்கள் இல்லை.