என் தலையில் கை வைத்துச் சொன்ன பொய்

என் அன்பு அப்பாவுக்கு,

அன்பு என்றுதான் தொடங்குகிறேன். கோபமாக இருந்தாலும் பழக்கம் விடவில்லை. அம்மா போன மாதம் போய்விட்டார். குலாய் ஊரில் நம் வீட்டில், தூக்கத்திலேயே. நெற்றியில் குங்குமம், தலையில் மல்லிகை, தங்காக் ஊர்த் துணிக்கடையில் எடுத்த சிவப்புச் சேலை. சுமங்கலியாகத்தான் அனுப்பி வைத்தேன். சொந்தக்காரர்கள் முணுமுணுத்தார்கள், போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

இந்தோனேசியாவோடு சண்டை வந்தபோது நான் இடுப்பில் தூக்கும் பிள்ளை. விமானம் ஓட்டப் போகாதீர்கள் என்று அம்மா அழுததும், என் தலையில் கை வைத்து, "பிள்ளை மேல சத்தியம், இனிமே பறக்க மாட்டேன். ஆபீஸ் வேலைதான்" என்றீர்களாம். கொஞ்ச நாளில் விமானப்படைக்காரர்கள் வீட்டுக்கு வந்தார்கள். நீங்கள் ஓட்டிய விமானம் கடலில் விழுந்துவிட்டது, உடல் கிடைக்கவில்லை என்றார்கள்.

அம்மா நம்பவில்லை. "அது வேற யாரோ. பிள்ளை மேல சத்தியம் பண்ணவரு மீறுவாரா? ஏதோ ரகசிய வேலையா அனுப்பிட்டு மூடி மறைக்கிறாங்க." சாகும்வரை அதே பேச்சுதான். பொட்டை அழிக்கவில்லை. உங்களுக்குத் திதி கொடுக்க யாரையும் விடவில்லை.

என் கல்யாணத்தில் தாலித் தட்டை அம்மா தொட்டதும் ஒரு பெரியம்மா, "அறுத்தவ தொடலாமா?" என்று கேட்டுவிட்டார். மணவறையிலிருந்தே கத்தினேன்: "எங்கப்பா சாகல லா! என் தலைல சத்தியம் பண்ணியிருக்காரு!" உங்களுக்காக எத்தனை பேரிடம் வாயைக் கொடுத்திருக்கிறேன், தெரியுமா?

அம்மாவின் பதினாறாம் நாள் காரியம் முடிந்து சாப்பிட உட்கார்ந்தோம். உங்கள் தம்பி இலையில் கை வைக்காமல் அழுதார். "என்ன சித்தப்பா?" என்றேன்.

"அண்ணன் பறக்கிறத விடவே இல்லம்மா. அந்தப் பறக்கிற வேலைய அவரே கேட்டு வாங்கிப் போனாரு. அண்ணிகிட்ட மூச்சு விடாதன்னுட்டாரு. அப்புறம் அண்ணி பொட்டோட நிக்கிறதப் பார்த்தா, எனக்கு எப்படிம்மா வாய் வரும்?"

அலமாக், ஐயோ அப்பா! நாட்டுக்காகப் போனீர்கள், சரி. சொல்லிவிட்டுப் போயிருக்கக் கூடாதா? அம்மா அழுதிருப்பார், பிறகு தேறியிருப்பார். பொய்ச் சத்தியம் பிள்ளைக்கு ஆகாது என்பார்கள். நான் சர்க்கரையும் மூட்டுவலியுமாகக் குத்துக்கல் மாதிரி இருக்கிறேன். ஆனதெல்லாம் அம்மாவுக்குத்தான். வாசலில் கார் நின்றால் சேலையைச் சரிசெய்துகொண்டு எழுந்து பார்ப்பார். கடைசி வாரம்வரை பார்த்தார்.

இப்போது அம்மா அங்கே வந்திருப்பார். என்ன சொன்னீர்கள்? முகத்தைப் பார்க்க முடிந்ததா?

ஆடி அமாவாசைக்குப் பொந்தியான் கடலில் உங்களுக்கு எள்ளும் தண்ணீரும் விட வேண்டும் என்கிறார் சித்தப்பா. என்னையும் கூப்பிடுகிறார். நான் வந்து நின்றால், அம்மா காத்திருந்தது வீண் என்று நானே ஒப்புக்கொண்டதாகிவிடும். வராவிட்டால், பெற்ற அப்பாவைக் கடலில் அநாதையாக விட்ட பாவம்.

வருகிறேன் அப்பா. மன்னித்துவிட்டேன் என்று நினைத்துவிடாதீர்கள். மனசு இன்னும் ஆறவில்லை. ஆனால் வருகிறேன். சத்தியமெல்லாம் செய்ய மாட்டேன். வருகிறேன் என்று சொன்னால், வருவேன்.

உங்கள் ஒரே மகள்