நூறு நூல் படித்த என் மருமகள்

ஆகஸ்ட் 20
இனி எழுதப்போவதை யாரும் நம்பமாட்டார்கள் என்று என் டிப்பர் லாரியின் ஸ்டியரிங் மேல் அடித்துச் சத்தியம் செய்கிறேன். எழுதுகிற எனக்கே நம்பிக்கை கம்மி.

அக்கா மகள் கவியாவுக்குச் செப்டம்பர் 4 காதுகுத்து. மடியில் வைத்துக்கொள்ளும் தாய்மாமன் நான். சும்மா விடுவேனா? இருபதடியில் பிளக்ஸ் அடித்து வரதராஜன்பேட்டை கடைவீதியில் கட்டிவிட்டேன். என் தலைக்குப் பின்னால் இரண்டு சிங்கம். கவியா படத்துக்குக் கீழே, ‘ஆறு வயதில் நூறு நூல் படித்த அறிவுச்சுடர்.’

சாயங்காலம் அக்கா வந்தாள். “டேய் மணிவேலு, அவளுக்குக் கல்லுன்னுகூட படிக்கத் தெரியாதுடா. ஒண்ணாப்பு டீச்சர் பிளக்ஸப் பாத்துட்டு என்னப் பாத்து சிரிக்கிறாங்க.”

ஆகஸ்ட் 21
பூமாலை சித்தப்பாவும் பார்த்துவிட்டார். “பேப்பரோட வரேன்டா. பந்தல்ல புள்ள படிக்கட்டும், கேப்போம்.” சொன்னால் செய்கிற மனுஷன்.

கவியா கதவோரம் நின்று கேட்டிருக்கிறாள். “நான் படிக்காட்டி எல்லாரும் சிரிப்பாங்களா மாமா?”

லாரி கழுவப் போய்விட்டேன். ஏற்கெனவே கழுவின லாரி.

ஆகஸ்ட் 23
ரஞ்சன்குடிக் கோட்டையை வளைத்த படைகூட இத்தனை தந்திரம் செய்திருக்காது. ஏழு சின்னச் சொற்களை எழுதி அக்கா வீட்டில் அந்தந்தப் பொருள் மேலேயே ஒட்டிவிட்டேன். அம்மியில் கல். தூக்குவாளியில் பால். தையல் டப்பாவில் நூல். பாய், சோறு, ஏணி. கடைசியாக ஆட்டின் கழுத்தில் ஆடு.

ஆடு தன் பெயரைத் தானே தின்றுவிட்டது. நான்கு தடவை எழுதினேன், நான்கையும் முடித்தது. அரியலூர் மாவட்டத்திலேயே எழுத்தை இவ்வளவு வேகமாக உள்வாங்கிய ஜீவன் வேறில்லை.

ஆகஸ்ட் 27
கவியா வீட்டைச் சுற்றி வந்து தடங்கலில்லாமல் எல்லாம் படித்தாள்! என்னைப் பல்கலைக்கழகத்தில் கூப்பிடுவார்கள். போகமாட்டேன்.

ஆகஸ்ட் 28
வெறும் தாளில் கல் என்று எழுதிக் காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“இது எது மேல ஒட்டுனது மாமா?”

போச்சு. இத்தனை நாளும் அம்மியைத்தான் படித்திருக்கிறாள்.

ஆகஸ்ட் 29
எல்லாச் சீட்டையும் மாற்றி ஒட்டினேன். அம்மி மேல் பால். ஏணி மேல் சோறு. “இவனுக்குக் கிறுக்குப் புடிச்சிருச்சு,” என்று அக்கா ஊருக்கே சொல்லிவிட்டாள். கவியா ஏணி முன்னால் நின்று அழுதாள். எனக்கும் என்னவோபோல் ஆயிற்று. இந்த வாயை வைத்துக்கொண்டு ஏன்டா மணிவேலு?

செப்டம்பர் 1
ஆடு தின்றது போக எழுதிய ஐந்தாவது சீட்டை, அரியலூர் ஆபீசுக்குக் கிளம்பிய மச்சான் அறிவழகன் முதுகில் ஒட்டினேன். கவியா பார்த்தாள். வாய் மெல்ல அசைந்தது. “ஆ... டு.” அப்புறம் விக்கல் எடுக்கும்வரை சிரித்தாள். “அப்பா ஆடு இல்ல மாமா.”

மத்த ஆறு சீட்டையும் தானே போய்த் தேடிப் படித்தாள். பொருளைப் பார்க்கவேயில்லை. மச்சானிடம் சொல்லவும் மறந்துவிட்டோம். அவர் பஸ் ஏறிப் போய்விட்டார்.

செப்டம்பர் 3
மச்சான் இன்னும் என்னோடு பேசவில்லை.

செப்டம்பர் 4
என் மடி. ஆசாரி ஊசி. ஊரே திரும்பிப் பார்க்க ஓர் அலறல். (பெரும்பாலும் நான்.) கண்ணைத் துடைக்கும் முன்பே பூமாலை சித்தப்பா பேப்பரை விரித்தார். “நூறு நூலு படிச்ச மகராசி, எங்க படி.”

கவியா பேப்பரைப் பார்த்தாள். அத்தனையும் பொடி எழுத்து. அதைத் தள்ளிவிட்டு, காலையில் பந்தல் வாசலுக்கு இடம் மாறியிருந்த என் பிளக்ஸை நோக்கி விரலை நீட்டினாள்.

“நூ... று. நூறு.” அடுத்தது, “நூல்.” விரலை மடக்கி எண்ணினாள். “நூறு இல்ல தாத்தா. நான் ஏழு வார்த்தைதான் படிச்சேன். மாமா சும்மா போட்டுருக்காரு.”

பந்தல் சிரித்தது. என்னைப் பார்த்து. அவளும் சேர்ந்து சிரித்தாள்.

இந்த நோட்டில் நான்கு என்று எழுதியிருந்தாலும் ஆடு தின்ற சீட்டு ஒன்றுதான். நான் அலறியதைக் குறைத்துத்தான் எழுதியிருக்கிறேன். மீதியை எப்படி வேண்டுமானாலும் கழித்துக்கொள்ளலாம். ஆனால் நூறு என்ற சொல்லை அந்த வீட்டில் நான் எதன் மேலும் ஒட்டவில்லை. நூலிலிருந்து நூ, சோற்றிலிருந்து று. தானே எடுத்துக் கோத்துக்கொண்டாள்.

அது மட்டும் நிஜம்.